மறைந்த நூலைத் திறப்பதற்கு முன் அது மறைந்த வழியைக் கேளுங்கள்

கேள்வி இதுதான்: பலரும் கடந்துபோய்விட்ட பழைய இலக்கியங்கள், பேரரசுகளின் விளிம்பில் வாழ்ந்தவர்கள் எழுதிவைத்த எல்லைப்புறப் பதிவுகள், பண்டைய எழுத்துகள் ஆகியவற்றை ஒரு பொது வாசகர் எங்கிருந்து தொடங்கிப் படிப்பது, கைக்குக் கிடைக்கும் பதிப்பை எவ்வளவு தூரம் நம்புவது? இத்தகைய நூல்களோடு நெடுநாள் பழகியவன் என்ற முறையில் என் பதிலைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நூற்பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிடுவது எளிது. ஆனால் பட்டியலை வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்திவிடுவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த நூல் எப்படி மறைந்தது? அதன் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களே உலகில் இல்லாமல் போனதாலா, ஏடு சிதைந்ததாலா, எழுதியவர் சொன்னதை எவரும் நம்பாததாலா, அல்லது பதிப்பித்தவர் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைப் பெட்டியில் போட்டு மூடியதாலா? மறைந்த வழி எதுவோ, அதைப் பொறுத்தே அந்த நூலை நாம் வாசிக்கவேண்டிய முறையும் அமைகிறது என்பது என் உறுதியான கருத்து.

முதல் வகைக்கு, மெசபொடேமியாவின் (இன்றைய ஈராக்) பழங்காவியமான கில்காமேஷைவிடத் தெளிவான சான்று கிடையாது. கி.மு. 612இல் நினெவே நகரம் வீழ்ந்து எரிந்தபோது அசீரிய மன்னன் அஷூர்பனிப்பாலின் நூலகமும் இடிபாடுகளுக்குள் புதைந்தது. களிமண் பலகைகள் தீயில் சாகவில்லை. பல பலகைகள் வெந்து இன்னும் உறுதிப்பட்டன. அவற்றில் ஆப்பு வடிவக் குறிகளால் எழுதப்பட்டிருந்த ஆப்பெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள்தாம் கிறிஸ்துவுக்குப் பிந்தைய முதல் சில நூற்றாண்டுகளுக்குள் அற்றுப்போனார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லேயார்டும் ஹோர்முஸ்த் ரஸ்ஸாமும் தோண்டி எடுத்த உடைசல்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அவற்றைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஸ்மித் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்லர். பணத்தாள் அச்சுக்கான தகடுகளைச் செதுக்கும் தொழிலில் பயின்று, அந்தப் பலகைகளின் மொழியான அக்காடியத்தைத் தாமாகவே கற்றுக்கொண்டவர். 1872இல் ஒரு பலகையில் பெருவெள்ளமும், மலைமேல் தங்கிய கலமும், நிலம் தேடி அனுப்பப்பட்ட புறாவும் வருவதை அவர் கண்டறிந்து, அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள் லண்டனில் அறிவித்தார். மறந்தே போயிருந்த ஒரு காவியம் அன்றுதான் உலகத்தின் வாசிப்புக்குள் மீண்டும் நுழைந்தது.

இந்தக் கதையைப் பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் காவியம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதுதான் வாசகருக்குத் தேவையான செய்தி. ஈராக்கின் சுலைமானியா அருங்காட்சியகம் 2011இல் வாங்கிய ஒரு பலகை, தேவதாருக் காட்டைப் பற்றிய ஐந்தாம் பகுதியின் காணாமற்போன வரிகளைக் கொண்டிருந்தது. அது 2014இல் வெளியிடப்பட்டபோது, காட்டில் பறவைகளும் குரங்குகளும் எழுப்பும் ஓசையும், காட்டை வெட்டிப் பாழாக்கிவிட்டோமே என்று வீரர்களுக்குள் எழும் உறுத்தலும் காவியத்துக்குத் திரும்பி வந்தன. ஆகவே நூறாண்டுக்கு முந்தைய மொழிபெயர்ப்பை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிப் படிப்பவர் வேறொரு நூலைத்தான் படிக்கிறார். இத்தகைய நூல்களுக்கு மட்டும் புதிய பதிப்பே சரியான பதிப்பு. அதில் சிக்கனம் பார்க்கவேண்டாம்.

ஏடு சிதைந்து மறைந்தவற்றைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியம் ஒரே ஒரு சுவடியில் பிழைத்தது. 1731இல் லண்டனில் அந்த நூற்சேகரம் தீப்பிடித்தபோது ஓரங்கள் கருகி, பிறகு ஆண்டாண்டாக உதிர்ந்தன. 1787இல் தோர்கெலின் என்ற அறிஞர் எடுத்த நகல்கள் இல்லையென்றால் உதிர்ந்த எழுத்துகள் பல நமக்குத் தெரிந்தே இருக்காது. சிசரோவின் அரசியல் உரையாடல் ஒன்றைச் சுரண்டிவிட்டு அதன்மேல் அகஸ்டினின் விளக்கவுரையை எழுதியிருந்த தோல் ஏட்டை 1819இல் வாத்திகன் நூலகத்தில் ஆஞ்செலோ மாய் கண்டுபிடித்தார். ஆர்க்கிமிடீஸ் எழுதிய ஓர் ஆய்வு 13ஆம் நூற்றாண்டுப் பிரார்த்தனை நூலின் அடியில் கிடந்தது. 1906இல் ஹைபர்க் என்ற அறிஞர் அதைப் பார்த்துப் படித்தார். பனையோலை இதைவிட விரைவாக அழியும் பொருள், மறுபடி மறுபடி படியெடுத்தால்தான் வாழும். சங்க நூல்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் ஆகியோரின் கைகளில் அச்சேறியதை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் அந்த உழைப்பின் அளவு இன்னும் நன்றாகப் புலப்படும். இந்த வகை நூல்களில் விடுபட்ட இடங்களைப் புள்ளியிட்டு நேர்மையாகக் காட்டும் பதிப்பையே வாங்குங்கள். இடைவெளியைத் தம் கற்பனையால் இட்டு நிரப்பி ஓட்டமாக வாசிக்க வைக்கும் பதிப்பு, பதிப்பாசிரியரின் சொற்களை மூல ஆசிரியரின் சொற்களாக உங்களை நம்ப வைத்துவிடும்.

இனி எல்லைப்புறப் பதிவுகள். கேள்வியின் மூன்று பகுதிகளில் மிகக் குறைவாக வாசிக்கப்படுவதும், மிகத் தவறாக வாசிக்கப்படுவதும் இதுவே என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

எல்லைப்புற எழுத்து என்றதும் அமெரிக்க மேற்குப் பகுதியும் குதிரை வீரர்களும் மட்டும் நினைவுக்கு வருவது ஒரு குறை. மிகச் சிறந்த எல்லைப்புற எழுத்துகளில் சில ஆயிரத்தெழுநூறு, ஆயிரத்தொன்பதுநூறு ஆண்டுகளுக்கு முந்தியவை. வட இங்கிலாந்தில் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில் 1973இல் ராபின் பேர்லி மெல்லிய மரச் சீவல்களை மண்ணிலிருந்து எடுத்தார். காற்றுப் புகாத ஈர மண் அவற்றை மக்காமல் காத்திருந்தது. மங்கிய மையெழுத்தை அகச்சிவப்பு ஒளிப்படத்தின் துணையோடு வாசித்தார்கள். கி.பி. 100ஐ ஒட்டிய காலத்தைச் சேர்ந்த அந்தக் கடிதங்களில் வீரவுரை எதுவும் இல்லை. ஒருவருக்குக் காலுறையும் செருப்பும் உள்ளாடையும் அனுப்பப்பட்டிருக்கின்றன. மாஸ்க்லஸ் என்ற படைப்பிரிவு அலுவலர் தன் ஆட்களிடம் பீர் தீர்ந்துவிட்டதென்றும், அனுப்ப ஆணையிடவேண்டுமென்றும் மேலதிகாரிக்கு எழுதுகிறார். கிளாடியா செவெரா என்ற பெண் தன் பிறந்தநாளுக்கு வரும்படி சுல்பிசியா லெபிடினாவை அழைக்கிறார். எழுத்தர் எழுதிய கடிதத்தின் கீழே, தோழியைக் காண ஏங்கும் சில வரிகளைத் தம் கையாலேயே சேர்த்திருக்கிறார். ஒரு பெண்ணின் கையால் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இலத்தீன் வரிகளில் அவை அடங்கும். ரோமப் பேரரசின் வரலாற்றை எழுதியவர்கள் தலைநகரிலிருந்து பார்த்தார்கள். எல்லையில் கிடந்தவர்களுக்குப் பேரரசு எப்படி இருந்தது என்பதை இந்தச் சீவல்கள்தாம் சொல்கின்றன.

பண்டைய உலகின் மறுகோடியிலும் இதற்கு இணையான ஒன்று இருக்கிறது. 1907இல் ஆரல் ஸ்டைன் துன்ஹுவாங் நகருக்கு மேற்கே, பழைய சீன எல்லைக் காவற்கோபுரம் ஒன்றின் இடிபாட்டில் சில கடிதங்களைக் கண்டெடுத்தார். சோக்தியானா என்ற மத்திய ஆசிய நாட்டு வணிகர் சமூகத்தின் கடிதங்கள் அவை. உரியவர்களின் கைக்குப் போய்ச் சேராமலே நின்றுவிட்டவை. அவற்றுள் ஒன்று, லோயாங் நகரின் அரண்மனை எரிந்ததையும், பேரரசர் பஞ்சத்தால் நகரைவிட்டு ஓடியதையும், அங்கிருந்த இந்தியரும் சோக்தியரும் பட்டினியால் இறந்ததையும் சாமர்கந்திலிருந்த முதலாளிக்கு அறிவிக்கிறது. அந்தச் செய்தியைக் கொண்டே கடிதங்கள் கி.பி. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை என்று கணித்தார்கள். இன்னொன்று மிவ்னாய் என்ற பெண்ணுடையது. கணவன் நனைதாத் அவரையும் மகள் ஷைனையும் துன்ஹுவாங்கில் விட்டுவிட்டுப் போய்விட்டான். உதவி கேட்டுப் போன உறவினரும் நண்பர்களும் கைவிரித்துவிட்டார்கள். உன் மனைவியாக இருப்பதைவிட நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாக இருந்திருக்கலாம் என்று அவர் எழுதுகிறார். பட்டுப்பாதை என்று நாம் பெருமையாகப் பேசும் அந்த வணிக வலையின் நடுவில், பணமில்லாமல் திரும்பிப் போக வழியும் இல்லாமல் சிக்கிக்கொண்ட ஒரு தாயின் குரல் இது. எனக்குத் தெரிந்த எல்லைப்புற எழுத்துகளில் இந்த ஒரு கடிதத்துக்கு மேலான இடத்தை நான் வேறெதற்கும் தரமாட்டேன்.

இப்னு ஃபத்லான் என்ற அரபுத் தூதரின் பயணக் குறிப்பும் இங்கே சேரும். 921இல் பாக்தாதிலிருந்து புறப்பட்டு, மறு ஆண்டு வோல்கா ஆற்றங்கரையிலிருந்த பல்கர் மன்னனை அடைந்த தூதுக்குழுவில் அவர் இருந்தார். ருஸ் என்ற வடபுலத்து வணிகர்கள் தங்கள் தலைவனின் சடலத்தைக் கப்பலோடு எரித்த சடங்கை அருகிலிருந்து பார்த்து எழுதியவர் அவர். பல நூற்றாண்டுகளாக, யாகூத் என்ற புவியியல் ஆசிரியர் எடுத்தாண்ட பகுதிகள் வழியாகத்தான் அவரைப் பெரும்பாலும் அறிந்திருந்தார்கள். 1923இல் ஈரானின் மஷ்ஹத் நகரில் செகி வெலிதி தோகன் விரிவான சுவடியைக் கண்டறிந்த பிறகுதான் பயணம் முழுவதும் ஒரு தொடர்ச்சியாகத் தெரிந்தது, அதுவும் திரும்பிவரும் பகுதி இல்லாமல். எடுத்தாளப்பட்ட பகுதிகள் வியப்பூட்டும் சடங்குகளாகவே இருந்தன. முழுச் சுவடியிலோ குளிர், பசி, கொண்டுபோக வேண்டிய பணம் வராததால் மன்னன் முன் தலைகுனிந்து நின்ற அவமானம் எல்லாம் இருக்கின்றன. எடுத்தாள்பவர் எதை எடுக்கிறாரோ அதுவே ஆசிரியரின் முகமாக மாறிவிடுவதற்கு இது நல்ல உதாரணம்.

அமெரிக்கக் கண்டத்தின் எல்லைப்புற நூல்களை வாசிக்கும்போது இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஏனெனில் அவற்றில் மிகப் பலவற்றுக்குப் பின்னால் இன்னொருவரின் கை இருக்கிறது. 1676இல் மாசசூசெட்ஸின் லான்காஸ்டர் குடியிருப்பு தாக்கப்பட்டபோது சிறைப்பட்டு, ஏறத்தாழ பதினொரு வாரங்கள் பூர்வகுடிகளோடு அலைந்து, பணயப் பணம் கொடுத்து மீட்கப்பட்ட மேரி ரோலண்ட்சனின் நூல் 1682இல் வெளிவந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் ஒரு சமயப் பெரியவர். நூல் முழுவதும் நிகழ்ச்சிகளை இறைவனின் சோதனையாகக் காட்டும் விவிலிய மேற்கோள்கள் நிறைந்திருக்கின்றன. ஆனாலும் அந்தச் சட்டகத்துக்குள் அடங்காத செய்திகள் கசிந்து வருகின்றன: தலைவன் மெட்டகாமின் மகனுக்குச் சட்டை தைத்துக் கொடுத்து ஒரு ஷில்லிங் கூலி பெற்றதை அவர் சொல்கிறார்; தம்மை எவரும் தகாத முறையில் தீண்டவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டியது 1824இல் வெளிவந்த மேரி ஜெமிசனின் கதை. சிறுவயதில் பென்சில்வேனியாவில் பிடிபட்டு, சகோதரனை இழந்திருந்த, செனகா என்ற பூர்வகுடியைச் சேர்ந்த இரண்டு பெண்களால் தத்தெடுக்கப்பட்ட அவர், பின்னாளில் திரும்பிப்போக வாய்ப்பிருந்தும் போகவில்லை. ஜெனசி ஆற்றங்கரையில் செனகா மக்களோடு நெடுங்காலம் வாழ்ந்து முதுமையடைந்தார். அவருடைய வாய்மொழியைக் கேட்டு எழுதியவர் ஜேம்ஸ் சீவர். அவர் எழுதிய பக்கங்களில் எது ஜெமிசனின் பேச்சு, எது சீவரின் கூற்று என்று பிரித்தறிவது வாசகரின் வேலை. இரண்டு நூல்களையும் சேர்த்துப் படித்தால் சிறைப்பட்டவர் கதை என்ற ஒரே வகைக்குள் எத்தனை தொலைவான வாழ்க்கைகள் இருந்தன என்பது புரியும். ஒன்றை மட்டும் படித்தால் புரியாது.

பூர்வகுடித் தலைவர் பிளாக் ஹாக்கின் தன்வரலாறு 1833இல், போரில் அவர் தோற்ற மறு ஆண்டில், வெளிவந்தது. அவர் தம் மொழியில் சொல்ல, அன்டோயின் லெக்ளேர் மொழிபெயர்க்க, பாட்டர்சன் என்ற பத்திரிகையாளர் பதிப்பித்தார். இரண்டு கைகளைக் கடந்தும் தம் நிலத்தை இழந்தவரின் சினம் அந்த நூலில் சூடு குறையாமல் இருக்கிறது. ஸ்பானியத்தில் கபேசா தே வாகா என்ற பயணியின் பதிவைத் தவறவிடாதீர்கள். 1528இல் ஃபுளோரிடாவில் இறங்கி உள்நாட்டுக்குள் நுழைந்த ஏறத்தாழ 300 பேரில், அவரும் எஸ்தெவானிகோ என்ற மொராக்கோ நாட்டு அடிமையும் உட்பட நால்வர் மட்டுமே எட்டு ஆண்டுகள் கழித்து மெக்சிகோவில் ஸ்பானியர்களைச் சந்தித்தார்கள். அந்தச் சந்திப்பில் அவரோடு நடந்து வந்திருந்த பூர்வகுடிகளை அந்த ஸ்பானியர்களே அடிமைகளாகப் பிடிக்க முனைந்ததும், அதற்காக அவர் அவர்களோடு சண்டையிட்டதும் 1542இல் வெளிவந்த நூலின் கனமான பக்கங்கள்.

பதிப்பாசிரியரின் கத்தரிக்கோலுக்கு, வட அமெரிக்காவைக் கடந்து பசிபிக் கடல்வரை சென்ற லூயிஸ், கிளார்க் இருவரின் நாட்குறிப்புகளே பெரிய சான்று. 1804 முதல் 1806 வரை நடந்த அந்தப் பயணத்தின் வரலாறு 1814இல் நிக்கலஸ் பிடிலின் கைவண்ணத்தில் சுவையான பயணக் கதையாக வந்தது. தாவரங்களையும் விலங்குகளையும் பற்றிய குறிப்புகளை பார்ட்டன் என்ற அறிஞர் தனி நூலாக எழுதுவதாக இருந்தது. அவர் அதை எழுதாமலே 1815இல் இறந்துவிட்டார். இதனால் லூயிஸ் முதலில் விவரித்த பல உயிரினங்களுக்குரிய பெருமை பிறருக்குப் போனது. மூலக் குறிப்பேடுகள் ஃபிலடெல்பியாவிலேயே இருந்தும் 1904-05இல் துவைட்ஸ் அச்சிடும்வரை பொதுமக்களுக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. 1983 தொடங்கி 2001இல் முடிந்த மோல்டனின் 13 தொகுதிகள்தாம் இன்று நம்பத்தகுந்த பாடம். தொண்ணூறு ஆண்டுகள் மக்கள் வாசித்தது ஒரு நல்ல நூலைத்தான், ஆனால் பயணிகள் எழுதியதை அன்று.

நம்பிக்கையின்மையால் மறைந்த நூல்கள் என் மனத்தை மிகவும் வருத்துபவை. அமெரிக்காவில் அடிமையாக இருந்த ஹாரியட் ஜேகப்ஸ் தம் அடிமை வாழ்க்கையையும் பாட்டியின் வீட்டுப் பரணில் ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்ததையும் 1861இல் வேறு பெயரில் எழுதினார். பதிப்பாசிரியையாக இருந்த லிடியா மரியா சைல்டே எழுதிய புனைகதை என்று பிற்காலத்தவர் பலர் அதை ஒதுக்கிவைத்தார்கள். ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர் கடிதங்களையும் ஆவணங்களையும் ஒப்பிட்டு நிறுவி 1987இல் பதிப்பித்த பிறகே அது ஜேகப்ஸின் சொந்தக் கதை என்பது பரவலாக ஏற்கப்பட்டது. தென் அமெரிக்காவின் ஆண்டிய மலைநாட்டைச் சேர்ந்த குவாமான் போமா, ஸ்பானிய ஆட்சியின் கொடுமைகளை ஸ்பெயின் மன்னருக்கு முறையிட்டு 1615 வாக்கில் ஏறத்தாழ 1,200 பக்கங்களில் எழுதி, தம் கையாலேயே 398 படங்கள் வரைந்தார். அந்தச் சுவடி கோபன்ஹேகன் அரச நூலகத்தில் கிடப்பதை 1908இல் ரிச்சர்ட் பீட்ஷ்மான் கண்டறிந்தார். 1936இல்தான் அச்சுக்கு வந்தது. இன்று அதன் ஒவ்வொரு பக்கத்தையும் அந்த நூலகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். மொழி தெரியாவிட்டாலும் படங்களை மட்டுமாவது பாருங்கள். கொடுமைக்கு உள்ளான பக்கத்திலிருந்து வரையப்பட்ட அத்தகைய சாட்சியம் அரிது.

புகழ்பெற்ற ஆசிரியர்களும் மறக்கப்பட்டு மீண்டதுண்டு. அமெரிக்க நாவலாசிரியர் மெல்வில் 1891இல் இறந்தபோது அவரை நினைவில் வைத்திருந்த வாசகர்கள் மிகச் சிலரே. 1919இல் வந்த நூற்றாண்டு நினைவும், 1921இல் ரேமண்ட் வீவர் எழுதிய வாழ்க்கை வரலாறும் அவருடைய திமிங்கல நாவலான மோபி டிக்கை மீட்டுத் தந்தன. இதை இன்று எல்லோரும் அறிவார்கள் என்பதால் விடுகிறேன்.

தொடங்குவது எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். பெரிய நூல்களைத் தொடாமல் குறுகியவற்றில் தொடங்குங்கள். மிவ்னாயின் கடிதமும் விண்டோலாண்டாக் கடிதங்களும் ஓர் மாலைப்பொழுதுக்குள் அடங்கும். அறிஞர்கள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. அடுத்து ரோலண்ட்சன், ஜெமிசன் இரண்டையும் ஜோடியாகப் படியுங்கள். இவை பதிப்புரிமைக் காலம் கடந்தவை என்பதால் புராஜெக்ட் குட்டன்பர்க், இன்டர்நெட் ஆர்கைவ் போன்ற தளங்களில் இலவசமாக உள்ளன. அதன்பின் இப்னு ஃபத்லானையும் கபேசா தே வாகாவையும் எடுத்துக்கொள்ளலாம். கில்காமேஷைப் புதிய மொழிபெயர்ப்பாகப் பணம் கொடுத்தோ நூலகத்திலிருந்தோ பெறுங்கள்.

எந்தப் பதிப்பைத் திறந்தாலும் முதலில் முன்னுரையில் மூன்று செய்திகளைத் தேடுங்கள்: எந்தச் சுவடியை அல்லது எந்த முதற்பதிப்பை அடிப்படையாகக் கொண்டது, எவற்றை விட்டிருக்கிறார்கள், மூல ஆசிரியருக்கும் அச்சுக்கும் இடையில் யார் யாருடைய கைகள் இருந்தன. இவற்றைச் சொல்லாத பதிப்பை, அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும், கீழே வைத்துவிடுங்கள். இணையத்தில் படமாக எடுத்து இயந்திரத்தால் எழுத்தாக மாற்றப்பட்ட மலிவுப் பதிப்புகள் இப்போது ஏராளமாக விற்கப்படுகின்றன. அவற்றில் வரிகள் தவறுகின்றன, அடிக்குறிப்புகள் நூலோடு கலந்துவிடுகின்றன. அதே நூலின் பழைய அச்சுப்பக்கங்களைப் படமாகவே தரும் தளத்துக்குப் போனால் அந்தக் குழப்பம் இராது. குறிப்பாக எல்லைப்புறப் பதிவுகளைப் படிக்கும்போது, எதிர்ப்பக்கத்தில் நின்றவர் எழுதியதோ சொன்னதோ ஏதேனும் கிடைக்கிறதா என்று தேடி, கிடைத்தால் முதல் நூலை முடிப்பதற்கு முன்பே அதையும் திறந்துவிடுங்கள்.